காரைக்குடி முற்றத்தில் பைத்தான்: பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலுக்கான ஓர் இணையவழிப் பயிற்சி

என் மகள் சென்ற கல்வியாண்டில் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்தாள். காரைக்குடியில் கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் தெருவுக்கொரு தனிப்பயிற்சி வகுப்பு இருக்கிறது. ஆனால் கணினி அறிவியலைத் தமிழில் சொல்லித்தருபவர் எங்கள் பக்கத்தில் எவரும் கிடைக்கவில்லை. ஆகவே இரண்டு இணையவழிப் பயிற்சிகளை அடுத்தடுத்து முயன்று பார்த்தோம். முதலாவது, ஜூனில் பணம் கட்டி அக்டோபரில் கைவிட்ட ஒரு பெரிய செயலி. இரண்டாவது, மதுரையிலிருந்து ஓர் ஆசிரியை தனியாக நடத்தும் சிறிய வகுப்பு. அது தேர்வுக்கு முந்தைய நாள்வரை தொடர்ந்தது. இந்த மதிப்பீடு பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியது. ஆசிரியை ஆண்டுக்கு 24 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. தம் பெயர் பொதுவில் வருவதையும் அவர் விரும்பவில்லை. ஆகவே பெயரைக் குறிப்பிடாமல், அங்கே என்ன நடக்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன். வேறு பயிற்சியைத் தேடும் பெற்றோருக்கும் பணம் கட்டுவதற்கு முன் எதைக் கேட்டறிய வேண்டும் என்பது இதிலிருந்து தெரியக்கூடும்.

தேர்வின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான்; இரண்டும் கணினிக்கான கட்டளைத் தொகுப்பாகிய நிரலை எழுதும் மொழிகள். பாடநூலில் 16 பாடங்கள். எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் சேர்த்து 30. எழுத்துத் தேர்வில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 15. இரண்டு மதிப்பெண் வினாக்கள் ஒன்பதில் ஆறும், மூன்று மதிப்பெண் வினாக்கள் ஒன்பதில் ஆறும் எழுத வேண்டும். ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஐந்து, ஒவ்வொன்றிலும் ‘அல்லது’ உண்டு. இந்த 70 மதிப்பெண்ணுக்கும் மாணவர் கணினியைத் தொடுவதே இல்லை. மூன்று மணி நேரம் பேனாவும் தாளும்தான். நிரலை இயக்கிப் பார்க்க முடியாது. பிழை இருந்தால் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கவும் எவரும் இல்லை. இணையவழிப் பயிற்சிகளில் பெரும்பாலானவை இதை மறந்துவிடுகின்றன என்பதே என் முதன்மையான குறை.

முதலில் சேர்ந்த செயலியை அதிகம் குறை சொல்ல மாட்டேன். அதன் காணொலிகள் அழகாகவே இருந்தன. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மடக்கு என்றால் ஒரு சக்கரம் சுழலும். பட்டியல் என்றால் வண்ணப் பெட்டிகள் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சிறுதேர்வு. என் மகள் அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் குறையாமல் வாங்கினாள். காலாண்டுத் தேர்வில் 70க்கு 38. ஒரு மதிப்பெண் பகுதியில் ஏறத்தாழ எல்லாமே சரி. நிரல் எழுதும் வினாக்களில்தான் விழுந்திருந்தாள். மூன்று மாதக் காலத்தில் அவள் கையெழுத்தில் ஒரு வரியைக்கூட அந்த நிறுவனத்தில் எவரும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயம் கேட்டு எழுதினால், ஏற்கெனவே பார்த்த காணொலியின் இணைப்பே விடையாக வரும். கட்டிய பணத்தின் மீதியைத் திருப்பிக் கேட்டேன். விதிகளின் ஏதோ ஒரு பத்தியைச் சுட்டி மறுத்துவிட்டார்கள்.

மதுரை ஆசிரியையின் வகுப்பு வாரத்துக்கு மூன்று நாள். செவ்வாயும் வியாழனும் மாலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை கூகுள் மீட்டில் பாடம். ஞாயிறு காலை எழுத்துத் தேர்வு. ஒன்பது மணிக்கு வினாத்தாள் வாட்ஸ்அப்பில் வரும். மாணவர்கள் தாளில் எழுதி, பத்தரை மணிக்குள் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். செவ்வாய் வகுப்புக்குள் அந்தப் படங்கள் மீதே சிவப்பு நிறத்தில் திருத்தி அனுப்பிவிடுவார். அக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு மாதத்துக்குக் கட்டணம் 4,500 ரூபாய். செயலிக்கு நான் கொடுத்ததில் இது பாதிகூட இல்லை.

திருத்தம் எந்த அளவுக்கு நுட்பமாக இருந்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஏ, அடுத்த வரியில் ஏ பி, அதற்கடுத்த வரியில் ஏ பி சி என்று எழுத்துகளைப் படிக்கட்டுபோல் அச்சிடும் நிரல் ஒன்று உண்டு. ஒரு மடக்குக்குள் இன்னொரு மடக்கு. உள்மடக்கு எழுத்துகளை ஒரே வரியில் அச்சிடும். அது முடிந்தபின் வெறும் பிரின்ட் கூற்று ஒன்று அடுத்த வரிக்கு இறக்கிவிடும். அந்தக் கடைசிக் கூற்று உள்மடக்கின் உடலுக்குள் போய்விட்டால் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனி வரியில் விழும். இரண்டு மடக்குகளுக்கும் வெளியே வந்துவிட்டால் எல்லா எழுத்துகளும் ஒரே வரியில் ஓடும். வெளிமடக்குக்குள்ளும் உள்மடக்குக்கு வெளியேயும் நின்றால்தான் படிக்கட்டு. கூற்று ஒன்றுதான், அது இடப்பக்கத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதே விடையைத் தீர்மானிக்கிறது. பைத்தானில் உள்தள்ளல் அழகுக்கானதன்று, பொருளுக்கானது என்று எல்லாப் புத்தகங்களும் சொல்லும். ஆனால் கோடு போட்ட தாளில், அவசரத்தில், சற்றே சாய்ந்த கையெழுத்தில் எழுதும் பெண்ணுக்கு அந்தத் தூரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. என் மகள் அனுப்பிய முதல் தாளில் அந்தக் கூற்று எங்கே நிற்கிறது என்றே சொல்ல முடியாதபடி இருந்தது. போதாக்குறைக்குப் படத்தையும் கோணலாக எடுத்திருந்தாள். ஆசிரியை மதிப்பெண் போடவில்லை. “இது உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? திருத்துபவரை ஊகிக்க வைக்காதே” என்று மட்டும் எழுதியிருந்தார்.

அதற்கு அவர் சொன்ன வழி எளியது. நிரல் எழுதத் தொடங்கும்முன் பக்கத்தின் இடப்புறம் பென்சிலால் மூன்று மெல்லிய செங்குத்துக் கோடுகளை விரற்கடை அளவு இடைவெளியில் போட்டுக்கொள்ள வேண்டும். முதல் கோட்டில் வெளிமடக்கு, இரண்டாவதில் அதன் உடல், மூன்றாவதில் உள்மடக்கின் உடல். நவம்பர் முடிவதற்குள் கோடு போடாமலேயே அவள் கை அந்தத் தூரத்தைப் பழகிக்கொண்டது. எந்தக் காணொலியும் இதைக் கற்றுத்தந்திருக்காது; ஏனென்றால் காணொலியில் நிரல் எழுதுபவருக்குக் கணினியே உள்தள்ளிக் கொடுத்துவிடுகிறது.

இன்னொன்று, மாறிகளின் அட்டவணை; மாறி என்பது நிரலில் ஒரு மதிப்பை வைத்திருக்கும் பெயர். ஒவ்வொரு மாறிக்கும் ஒரு நெடுவரிசை வரைந்து, மடக்கு ஒருமுறை சுற்றிவரும்போதெல்லாம் அதன் மதிப்பு என்னவாகிறது என்று வரிசையாக எழுதிக்கொண்டே போக வேண்டும். மடக்கின் எல்லையை ரேஞ்ச் 1, 6 என்று கொடுத்தால் எண்ணிக்கை ஐந்திலேயே நின்றுவிடும், ஆறு வராது என்பதை மனப்பாடம் செய்தவர்கள் மறப்பார்கள். அட்டவணை போட்டவர்கள் மறப்பதில்லை. ஒரு நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை சுற்றும் வைல் மடக்குக்குள் எண்ணியைக் கூட்ட மறந்த ஒரு விடையில் என் மகள் மூன்று வரிசை எழுதியும் மதிப்பு மாறாததைக் கண்டு தானே பிழையைப் பிடித்தாள். அதே பிழையை வேறொரு தாளில் விட்டபோது ஆசிரியை எழுதியது: “தேர்வு நேரம் முடிந்தாலும் இந்த மடக்கு முடியாது.”

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். நாங்கள் குடியிருப்பது மீனாட்சிபுரம் பக்கம் ஒரு பழைய நகரத்தார் வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள், வீட்டைப் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்காகப் பங்காளிகளெல்லாம் வந்திருந்த நாளில், அவர்களில் மூத்தவரான ஐயா, முற்றத்தோரம் அமர்ந்து கட்டம் கட்டமாக எழுதிக்கொண்டிருந்த என் மகளிடம், “என்ன ஆத்தா, ஐந்தொகை போடுறியா?” என்று கேட்டார். “இல்லை ஐயா, பைத்தான்” என்றாள். “எதுவா இருந்தா என்ன, கடைசியிலே இருப்பு சரியா வருதா?” என்றார். அவர் தகப்பனார் பர்மாவில் பணப்பெட்டியருகே அமரும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து அடுத்தாளாகி மேலாள் ஆனவராம். பெட்டியடியில் இருப்பவன் எழுதிய ஒவ்வொரு பற்றையும் வரவையும் மேலே இருப்பவர் இரவில் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே கடையைச் சாத்துவார்கள் என்று சொன்னார். செயலிக்கும் மதுரை வகுப்புக்கும் இருந்த வேறுபாடு எனக்கு அந்தப் பேச்சில்தான் முழுதாக விளங்கியது.

வகுப்பில் பரிந்துரைத்த மென்பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் பெயர் தோனி. வீட்டில் இந்தப் பெயர் அடிபட்டபோது, மஞ்சள் சட்டைக்காரரைப் பற்றித்தான் பேச்சு என்று என் மனைவி சில நாள் எண்ணிக்கொண்டிருந்தார். இது எஸ்டோனியா நாட்டின் தார்த்து பல்கலைக்கழகத்தில், நிரல் எழுதத் தொடங்குபவர்களுக்கென்றே உருவாக்கப்பட்ட இலவச மென்பொருள். பைத்தானும் அதனுடனேயே வந்துவிடுவதால் தனியாக நிறுவ வேண்டியதில்லை. என் மகன் பன்னிரண்டாம் வகுப்பில் பெற்ற அரசின் விலையில்லா மடிக்கணினி, மின்கலம் செத்து, எப்போதும் மின்இணைப்பிலேயே இருக்க வேண்டிய நிலையில் இருந்தது. அதிலும் இது தடையின்றி ஓடியது. நிரலை வரி வரியாக நகர்த்திப் பார்க்கலாம். பக்கத்தில் உள்ள சாளரத்தில் ஒவ்வொரு மாறியின் மதிப்பும் மாறிக்கொண்டே வரும். தாளில் போட்ட அட்டவணையும் இந்தச் சாளரமும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்ப்பதே வியாழன் வகுப்பின் பாதி வேலை. மூடாமல் விட்ட மேற்கோள் குறியையும் அடைப்புக் குறியையும் அது நிறம் மாற்றிக் காட்டிவிடும். எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: ஒரு செயற்கூற்றை, அதாவது பெயரிட்டுத் தனியே எழுதிய நிரற்பகுதியை, அழைத்தால் அதற்கென்று தனிச் சாளரம் திறந்து, அதன் உள்ளே உள்ள மாறிகள் அங்கே மட்டும் தெரியும், செயற்கூறு முடிந்ததும் சாளரமும் மறைந்துவிடும். ஒரு மாறி நிரலின் எந்தப் பகுதியில் செல்லும் என்று சொல்லும் வரையெல்லை என்ற மூன்றாம் பாடத்தைப் புத்தகத்தில் மூன்றுமுறை படித்தும் புரியாத என் மகளுக்கு, அந்தச் சாளரம் மறைந்ததைப் பார்த்த நொடியில் புரிந்துவிட்டது.

இதே மென்பொருளில்தான் 12ஐயும் 30ஐயும் உள்ளிட்டுக் கூட்டினால் 1230 வருவதைக் கண்டு வீட்டில் எல்லோரும் சிரித்தோம். இன்புட் வாங்கித் தருவது எண்ணன்று, எழுத்துச் சரம். இன்ட் என்ற செயற்கூற்றுக்குள் போட்டு எண்ணாக்கினால்தான் 42 கிடைக்கும். கணக்குப் பேரேட்டில் இப்படி ஒரு கூட்டல் வந்திருந்தால் என் வேலை போயிருக்கும்.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது குறை வகுப்பினுடையதன்று, எங்கள் வீட்டினுடையது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக எழுப்பிய இந்தச் சுவர்கள் கோடையில் தரும் குளிர்ச்சிக்கு ஈடில்லை. ஆனால் முகப்பில் இருக்கும் வைஃபை பெட்டியின் அலை கூடமான பட்டாலையைத் தாண்டுவதற்குள் களைத்துவிடுகிறது. இரண்டாம் கட்டில் அமர்ந்தால் ஆசிரியையின் குரல் துண்டு துண்டாகத்தான் வரும். வானம் பார்த்த முற்றத்தின் ஓரம், அதிலும் முகப்பு வாசலுக்கு நேரான தூணருகே மட்டும் தடையில்லை. ஐப்பசி மழையில் அந்த இடமும் போய், திண்ணையில் கொசுவோடு வகுப்பு நடந்தது. ஆசிரியை இதை அறிந்து, தம் முகத்தைக் காட்டுவதை நிறுத்திவிட்டு நிரல் இருக்கும் திரையை மட்டும் பகிர்ந்தார். எழுத்தின் அளவையும் நன்றாகப் பெரிதாக்கினார். இணைப்பு மெலிந்தாலும் எழுத்து படிக்கக் கிடைத்தது.

வகுப்பின் உண்மையான குறைகள் வேறு. பைத்தானுக்குள் சி பிளஸ் பிளஸ் நிரலை இறக்குமதி செய்யும் பதினான்காம் பாடத்தை ஒரே மணியில் முடித்துவிட்டார். அதை இயக்கிப் பார்க்கத் நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் தொகுப்பான் ஒன்றைத் தனியாக நிறுவ வேண்டும். பாதி மாணவர்களிடம் கைப்பேசி மட்டுமே இருந்ததால், “இதைப் படித்து எழுதுங்கள், இயக்கிப் பார்க்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டார். ஐந்து மதிப்பெண் வினாவுக்கு இடமுள்ள பாடத்தில் இது எனக்கு நிறைவளிக்கவில்லை. ஆங்கிலவழி மாணவர்களும் அதே வகுப்பில் இருந்ததால் பேச்சில் எப்போதும் ஃபங்ஷன், லூப், இன்டர்ஃபேஸ் என்றே வரும். எங்கள் வினாத்தாளில் வருவதோ செயற்கூறு, மடக்கு, இடைமுகம். என் மகள் இரு மொழிச் சொற்களையும் எதிரெதிரே எழுதிய பட்டியல் ஒன்றைத் தானே உருவாக்கிக்கொண்டாள். அதை ஆசிரியை வாங்கி மற்றத் தமிழ்வழி மாணவர்களுக்கும் அனுப்பினார் என்பதில் எங்களுக்குச் சிறு பெருமை உண்டு. ஆனாலும் அது வகுப்பு செய்திருக்க வேண்டிய வேலை. சனவரியில், திருப்புதல் தேர்வுகள் நெருங்கியபோது, செவ்வாய்க்குள் வர வேண்டிய திருத்தம் வெள்ளி வரை தள்ளிப்போனது. தனியொருவர் 24 தாள்களைத் திருத்துவதில் அது நேரக்கூடியதே. ஆயினும் ஐந்து நாள் கழித்து வரும் திருத்தத்தின் பயன் பாதிதான். செய்முறைத் தேர்வுக்கு இந்த வகுப்பில் எந்த உதவியும் இல்லை. அதற்குப் பள்ளியின் ஆய்வகத்தையும் பாடநூலின் இறுதியிலுள்ள செய்முறைப் பயிற்சிகளையுமே நம்பினோம்.

இலவசமாகக் கிடைப்பவற்றையும் சேர்த்தே எடைபோட வேண்டும். கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபில் இருக்கின்றன. பாடநூலில் அச்சிட்டுள்ள க்யூஆர் எனும் விரைவுக் குறியீடுகளை அரசின் திக்ஷா செயலியில் காட்டினாலும் பாடங்கள் திறக்கின்றன. பாடநூல் கழகத்தின் நூலே இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. பாடத்தைப் புரிந்துகொள்ள இவை போதும் என்பது என் கருத்து. எனவே விளக்கம் கேட்பதற்காக மட்டும் எவரும் பணம் கட்ட வேண்டியதில்லை. மடிக்கணினி பழுதுபார்க்கப் போயிருந்த மூன்று வாரமும் பைடிராய்டு என்ற கைப்பேசிச் செயலியிலேயே நிரல்களை இயக்கிப் பார்த்தாள். சிறிய திரையில் உள்தள்ளலைப் பார்ப்பது கடினமே தவிர வேலை நின்றுவிடவில்லை. 4,500 ரூபாயை நான் கொடுத்தது அந்தச் சிவப்பு நிறத் திருத்தத்துக்குத்தான்; அக்டோபரிலிருந்து மார்ச் வரை இருபதுக்கும் மேற்பட்ட தாள்கள், ஒவ்வொன்றிலும் என் மகளின் பிழைகள் மட்டும்.

மார்ச் மாதத்தில் எங்கள் தெருவில் தேர்வுக்குப் படிப்பது தனிக்கலை. முத்துமாரியம்மன் கோயிலின் மாசி–பங்குனித் திருவிழா அப்போதுதான் நடக்கும். பால்குடமும் முளைப்பாரியும் போகும் வழியெல்லாம் ஒலிபெருக்கி. கடைசி இரண்டு வாரத்து மாலை வகுப்புகளில் என் மகள் ஒலிவாங்கியைத் திறந்தால் மற்ற 23 பேருக்கும் அம்மன் பாட்டுதான் கேட்கும் என்பதால், தன் ஐயங்களைத் தட்டச்சு செய்தே கேட்டாள். ஆசிரியை ஒருநாள், “இன்று மாவிளக்கா?” என்று கேட்டுவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார்.

எழுத்துத் தேர்வில் 70க்கு 63 வாங்கினாள். இதில் பள்ளி ஆசிரியரின் பங்கும் அவளுடைய பிடிவாதத்தின் பங்கும் இருக்கின்றன; முழுவதையும் வகுப்பின் கணக்கில் வரவு வைக்க மாட்டேன். இழந்த மதிப்பெண்களில் ஒரு பகுதி, அவள் சொன்னபடி, பதினான்காம் பாடத்தில் போனது.

கைப்பேசி மட்டும் வைத்திருப்பவர்களும் இந்த வகுப்பில் சேரலாம். ஆனால் ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரத்தை வேறு எதற்கும் விட்டுக்கொடுக்காதவர்களாக இருக்க வேண்டும். தேர்வு எழுதாமல் வகுப்பை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு மேலே சொன்ன இலவசப் பாடங்களே போதும். அடுத்த ஆண்டுக்கான கட்டணம் 5,000 ரூபாய் என்று சொல்லியிருக்கிறார். சேர விரும்புபவர்கள், ஏதேனும் ஒரு நிரலைக் கையால் எழுதிப் படம் பிடித்து முதலில் அனுப்ப வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் பதினோராம் வகுப்பு சி பிளஸ் பிளஸ் நிரல் ஒன்றை எழுதிப் போன வாரம் அனுப்பினான். மறுநாளே ஏழு இடங்களில் சிவப்பு வட்டத்தோடு திரும்பி வந்தது. அதைக் கொண்டுவந்து என் மகளிடம் காட்டி, நான்காவது வட்டம் எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்தான்.